இரண்டு மில்லிமீட்டர்க் கணக்கு

புனே நகரின் மேற்கே, பாஷாண்–சூஸ் சாலையில், சூஸ் கிராமத்தில் பயோராட் மெடிசிஸ் நிறுவனம் இயங்குகிறது. சிறுநீரகவியல் கருவிகள் செய்யும் நிறுவனம் அது. அதன் தயாரிப்புகளில் ஒன்று டிஜே ஸ்டென்ட்: சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயினுள் வைக்கும் மெல்லிய பாலிமர் குழல். பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படும் டிஜே ஸ்டென்ட்டின் பருமன் 6 பிரெஞ்சு, நீளம் 26 செ.மீ. 3 பிரெஞ்சு சேர்ந்தால் 1 மி.மீ.; எனவே வெளிவிட்டம் 2 மி.மீ. இதயத் தமனிக்கு ஸ்டென்ட்டைக் கொண்டுபோகும் வழிகாட்டிக் கதீட்டரின் வழக்கமான வெளிவிட்டமும் அதே 6 பிரெஞ்சு, அதே 2 மி.மீ. உறுப்பு வேறு, நோய் வேறு. கருவியை வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் இடம் ஒன்றே.

அந்த 2 மி.மீ. இடத்தில் வேலை செய்யத் தேவையான கல்வியும் ஆய்வுக்கூடமும் புனேயில் உண்டு. 1854-ல் தொடங்கிய சிவாஜிநகர் பொறியியல் கல்லூரி, 2014-ல் உருவான ஐ.ஐ.டி. பம்பாயின் பெட்டிக் மருத்துவக் கருவி மையத்தின் கூட்டாளி. 1950-ல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம் பாஷாண் பகுதியில் இருக்கிறது. அதன் துணையுடன் 2007 முதல் வென்ச்சர் சென்டர் புதிய நிறுவனங்களுக்கு இடம் கொடுத்து வளர்க்கிறது. இத்தகைய இடங்களில் வேலை செய்பவர்களுக்கு மூன்று கணக்குகள் தேவை: ரூபாய், மில்லிமீட்டர், பிழை. முதல் கணக்கை இந்தியா கவனமாக எழுதிவருகிறது. இரண்டாவது உலகம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவதில் நம் பக்கங்கள் பெரும்பாலும் காலி.

ரூபாய்க் கணக்கு

1998-ல் அப்துல் கலாமும் ஹைதராபாத் இதய மருத்துவர் சோம ராஜுவும் சேர்ந்து உருவாக்கிய கலாம்–ராஜு இதய ஸ்டென்ட்டின் முதல் நோக்கம் விலையைக் குறைப்பது. 19 ஆண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரி 13 அன்று, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுகளுக்கு நாடு முழுவதற்கும் உச்ச விலை அறிவித்தது. வெற்று உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய். மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய். அதற்கு முன் இவற்றின் சராசரி அதிகபட்ச சில்லறை விலை முறையே சுமார் 45,100 ரூபாயும் 1,21,400 ரூபாயும். குறைவு 83.9 சதவீதமும் 75.6 சதவீதமும்.

அந்த இடைவெளி எங்கே இருந்தது என்பதை 654 என்ற எண் சொல்லும். விலைக் கட்டுப்பாட்டுக்கு முன் ஆணையம் வெளியிட்ட விவரத்தின்படி, ஸ்டென்ட்டின் மேல் மருத்துவமனை மட்டத்தில் வைக்கப்பட்ட லாபம் 654 சதவீதம் வரை சென்றது. 100 ரூபாய்க்கு வாங்கியது 754 ரூபாய்க்குப் போனது என்று பொருள். 2017 ஆணை வர்த்தக லாபத்தை 8 சதவீதத்தில் நிறுத்தியது.

அடுத்த 8 ஆண்டுகளில் விலை மெல்ல ஏறியது. 2018 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலை 27,890 ரூபாயாகக் குறைந்து, பிறகு மொத்த விலைக் குறியீட்டைத் தொடர்ந்து உயர்ந்தது. 2023-ல் மட்டும் ஏற்றம் 12.12 சதவீதம். 2025 ஏப்ரலில் விலை 38,933 ரூபாய். 2017-ன் 29,600 ரூபாயோடு ஒப்பிட்டால் உயர்வு 31.5 சதவீதம், 2017-க்கு முந்தைய சராசரியோடு ஒப்பிட்டால் இன்னும் 68 சதவீதம் குறைவு. நோயாளிக்கு இது உண்மையான ஆதாயம்.

ஆனால் இந்தக் கணக்கில் எல்லா ஸ்டென்ட்டும் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது: மருந்து பூசியது, பூசாதது. இதய ஸ்டென்ட் பலூன் கதீட்டரின் மேல் பொருத்தப்பட்ட நிலையில்தான் உறைக்குள் வருகிறது. பலூன் சுருங்கும் வேகம், ஸ்டென்ட்டை அது பற்றியிருக்கும் உறுதி, கதீட்டர் முனையின் மென்மை ஆகியவை நன்றாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும் உச்ச விலை ஒன்றே. விலைக் கட்டுப்பாடு தவறு என்று இதனால் ஆகாது. பாதுகாப்பை வேறு கணக்கில் எழுத வேண்டும் என்பதே இதன் பொருள்.

மில்லிமீட்டர்க் கணக்கு

2 மி.மீ. வெளிவிட்டமுள்ள வழிகாட்டிக் கதீட்டரின் உள்விட்டம் 0.071 அங்குலம், அதாவது 1.8 மி.மீ. மிச்சம் 0.2 மி.மீ.; அதை இரு பக்கமும் பகிர்ந்தால் சுவரின் தடிமன் 0.1 மி.மீ., 100 மைக்ரான். அந்த 100 மைக்ரானுக்குள் மூன்று அடுக்குகள்: உள்ளே வழுக்கும் பூச்சு, நடுவில் எஃகுப் பின்னல், வெளியே பாலிமர் உறை. பின்னல் இல்லையென்றால் குழல் மடங்கும். பாலிமர் தடித்தால் உள்ளே இடம் போகும். 1.8 மி.மீ. வழியில் 0.014 அங்குலக் கைடு வயர், அதாவது 0.36 மி.மீ. கம்பி, முதலில் போகிறது. அதன் மேலேறி பலூனும் ஸ்டென்ட்டும் போகின்றன.

ஸ்டென்ட்டின் உலோகக் கம்பி 20 ஆண்டுகளில் 140 மைக்ரானிலிருந்து 60 மைக்ரானுக்கு மெலிந்தது. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைஃபர் ஸ்டென்ட்டின் கம்பி 140 மைக்ரான். பிறகு வந்த சயன்ஸ் 81. சூரத்தில் செய்யப்படும் சூப்ராஃப்ளெக்ஸ் 60. ஒரு பக்கத்துக்கு 80 மைக்ரான் குறைந்தால் விட்டத்தில் 160 மைக்ரான் குறையும். 1.8 மி.மீ. வழியில் அது 8.9 சதவீத இடம். வளைந்த தமனியில் கருவி சிக்காமல் போவதற்கு இந்த இடம் உதவுகிறது.

மெலிவின் பலன் வைத்த பிறகும் தெரிகிறது. 2001-ல் வெளியான இசார்–ஸ்டீரியோ ஆய்வில் 651 நோயாளிகளுக்கு 50 மைக்ரான், 140 மைக்ரான் என இருவகை வெற்று உலோக ஸ்டென்ட்டுகள் வைக்கப்பட்டன. தமனி மீண்டும் சுருங்கியது முதல் பிரிவில் 15.0 சதவீதம், இரண்டாவதில் 25.8 சதவீதம். 100 பேருக்கு 10.8 பேர் குறைவு. சூப்ராஃப்ளெக்ஸை சயன்ஸோடு ஒப்பிட்ட டேலண்ட் ஆய்வு 2019-ல் வெளியானது. ஐரோப்பாவில் 1,435 நோயாளிகள். 12 மாதங்களில் கருவி சார்ந்த பாதிப்பு சூப்ராஃப்ளெக்ஸில் 4.9 சதவீதம், சயன்ஸில் 5.3 சதவீதம். இந்திய ஸ்டென்ட் பின்தங்கவில்லை என்ற அளவுக்கு இந்த எண்கள் சொல்கின்றன. அதற்கு மேல் சொல்லவில்லை.

எதிர்த் திசையில் போன எண் 157 மைக்ரான். உடலில் கரைந்துபோகும் அப்சார்ப் ஸ்டென்ட்டின் கம்பித் தடிமன் அது. 1,845 நோயாளிகளைக் கொண்ட ஐடா ஆய்வில், 2 ஆண்டுகளில் ஸ்டென்ட்டினுள் ரத்தம் உறைந்தது அப்சார்ப்பில் 3.5 சதவீதம், உலோக ஸ்டென்ட்டில் 0.9 சதவீதம். ஆயிரம் பேருக்கு 35-ம் 9-ம். 2017 செப்டம்பரில் அதன் விற்பனை உலகளவில் நிறுத்தப்பட்டது. தமனியை முன்கூட்டி விரித்து, சரியான அளவைத் தேர்ந்து, வைத்த பிறகு மீண்டும் பலூனால் அழுத்தினால்தான் அது சுவரோடு படியும் என்பது தாமதமாகவே தெளிவானது. வைக்கும் முறையில் பிழைக்கு இடம் குறைவாக இருந்த கருவி அது.

கொண்டுபோகும் கருவி தனியாக எவ்வளவு முக்கியத்துவம் பெறும் என்பதை 1.04, 0.27 என்ற இரு எண்களில் காணலாம். தொடக்க ஆண்டுகளில் மருத்துவர் ஸ்டென்ட்டைக் கையால் பலூன் மேல் அழுத்திப் பொருத்தினார். பிறகு ஆலையிலேயே பொருத்தி வந்தது. 2000-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 2,211 நோயாளிகளில் 20 பேருக்கு, அதாவது 0.9 சதவீதம் பேருக்கு, ஸ்டென்ட் வழியில் கழன்றது. கையால் பொருத்தியவற்றில் இந்த விகிதம் 1.04 சதவீதம், ஆலையில் பொருத்தியவற்றில் 0.27 சதவீதம். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்கப் பட்டியலில் 11,881-க்கு 38, அதாவது 0.32 சதவீதம். பொருத்துவது ஆலையின் வேலையானதும் கழலும் விகிதம் இந்த அளவில் நின்றது.

அடுத்த எண் 16. பல பலூன்களின் உறையில் அச்சாகும் வெடிப்பு வரம்பு 16 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியிருக்கும். அது 235 பி.எஸ்.ஐ. கார் டயரின் காற்று 32 பி.எஸ்.ஐ. என்றால், 3 மி.மீ. பலூன் தாங்குவது அதைப்போல் 7 மடங்குக்கும் மேல். இந்த வரம்புக்குள் 99.9 சதவீதப் பலூன்கள் வெடிக்கக்கூடாது, அதையும் 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவுகோல். ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்று வெறும் ‘வெடித்தது, வெடிக்கவில்லை’ என்ற சோதனையால் நிறுவ, ஒன்றுகூட வெடிக்காமல் ஏறத்தாழ 3,000 பலூன்கள் தேற வேண்டும். அதனால்தான் சோதனைக்கூடங்கள் ஒவ்வொரு பலூனும் எந்த அழுத்தத்தில் வெடிக்கிறது என்று அளந்து, அந்தப் பரவலிலிருந்து கணக்கிடுகின்றன. 3,000 என்ற இந்த எண் கடைசியில் மீண்டும் வரும்.

விரிந்த பலூன் சுருங்கவும் வேண்டும்; விரிந்திருக்கும்வரை தமனியில் ரத்தம் ஓடாது. 2004 ஜூலையில் பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனம் சுமார் 85,000 டாக்ஸஸ் ஸ்டென்ட்டுகளையும் 11,000 எக்ஸ்பிரஸ்-2 ஸ்டென்ட்டுகளையும் திரும்பப் பெற்றது. மொத்தம் 96,000. உலோகத்தில் குறை இல்லை, மருந்துப் பூச்சிலும் இல்லை. கதீட்டரில் பலூன் சுருங்குவதைத் தடுக்கக்கூடிய குறை இருந்தது. அந்த அறிவிப்பின்போது பதிவாகியிருந்தவை 3 மரணங்கள், 43 கடுமையான பாதிப்புகள்.

குறை சிறிது, விளைவு பெரிது என்பதற்கு இயற்பியலில் காரணம் உண்டு. மெல்லிய குழலில் திரவம் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. பலூனிலிருந்து திரவம் வெளியேறும் பாதை 10 சதவீதம் குறுகினால் ஓட்டம் 0.9-ன் நான்காம் படி, அதாவது 65.6 சதவீதம் ஆகும். 20 சதவீதம் குறுகினால் 41 சதவீதம். சுருங்கும் நேரம் இரண்டரை மடங்குக்கு அருகில் நீளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குறுக்கம் ரத்தம் நிற்கும் விநாடிகளை இப்படிக் கூட்டிவிடும்.

உடலுக்குள் நுழையும் வாசலிலும் ஒரு கணக்கு உண்டு. வழிகாட்டிக் கதீட்டரில் 6 பிரெஞ்சு என்பது வெளிவிட்டம். அது நுழையும் உறையில் 6 பிரெஞ்சு என்பது உள்ளே ஏற்கும் அளவு. ஆகவே அந்த உறையின் வெளிவிட்டம் 2 மி.மீ. அல்ல, சுமார் 2.6 மி.மீ. சுவரை மெலிதாக்கிய புதிய உறைகளில் அது சுமார் 2.5 மி.மீ. மணிக்கட்டுத் தமனி குறுகியது, அங்கே 0.1 மி.மீ. பெரிய சலுகை. 7,021 பேர் இடம்பெற்ற ரைவல் ஆய்வில் (2011) பெரிய ரத்தக்கட்டு தொடைவழி சென்றவர்களில் 3.0 சதவீதம், மணிக்கட்டுவழி சென்றவர்களில் 1.2 சதவீதம். ஆயிரம் பேருக்கு 18 பேர் குறைவு. 8,404 பேரின் மேட்ரிக்ஸ் ஆய்வில் (2015) கடும் ரத்தக்கசிவு 2.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. மணிக்கட்டுவழி பரவக் கருவிகள் மெலிந்ததும் ஒரு காரணம்.

இவற்றோடு ஒப்பிட ஓர் எண்: 40 கோடி. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 10 ஆண்டுகளில் இதயம் 37.8 கோடி முறை துடிக்கும். ஸ்டென்ட் அதைத் தாங்குமா என்று சுமார் 40 கோடி சுழற்சிகள் சோதிக்கிறார்கள்; விநாடிக்கு 60 சுழற்சி வேகத்தில் 77 நாட்கள் ஆகும். உடலில் தங்குவதற்கு இத்தனை சோதனை. கொண்டுபோகும் கதீட்டரோ ஒரே ஒரு முறை, சில நிமிடங்களே வேலை செய்கிறது. மேலே கண்ட 96,000 கருவிகளின் குறை அந்தச் சில நிமிடங்களுக்கு உரியது.

26 சென்டிமீட்டர்

சூஸில் செய்யப்படும் வகை ஸ்டென்ட்டுக்கு வருவோம். வைக்கும் முறை இது: 0.035 அங்குலக் கைடு வயர், அதாவது 0.89 மி.மீ. கம்பி, சிறுநீர்ப்பை வழியே சிறுநீரகம்வரை ஏறுகிறது. நூலில் மணி கோப்பதுபோல் ஸ்டென்ட்டை அந்தக் கம்பியில் ஏற்றி, பின்னால் ஒரு தள்ளுகுழலால் மெல்லத் தள்ளுகிறார்கள். கம்பிமேல் இருக்கும்வரை ஸ்டென்ட் நேராக இருக்கும். கம்பியை உருவியதும் மேல்முனை சிறுநீரகத்திலும் கீழ்முனை சிறுநீர்ப்பையிலும் ‘ஜே’ வடிவில் சுருண்டு பிடித்துக்கொள்ளும். 1978-ல் ராய் ஃபின்னி வெளியிட்ட இந்த வடிவமே இன்றும் அடிப்படை.

இங்கே பாதுகாப்பு 2 செ.மீ. கணக்கு. சிறுநீர்க்குழாயின் நீளம் ஆளுக்கு ஆள் 22 முதல் 30 செ.மீ.; ஸ்டென்ட் 22, 24, 26, 28 என்று 2 செ.மீ. இடைவெளியில் கிடைக்கிறது. தேவைக்கு மேல் தள்ளிவிட்டால் கீழ்ச்சுருள் குழாய்க்குள்ளே ஏறிவிடும். எடுக்க இன்னொரு முறை உள்நோக்கிக் கருவி செல்ல வேண்டும். நீளம் மிகுந்தால் சிறுநீர்ப்பைச் சுவரை உரசும். ஸ்டென்ட்டின் உடலின்மேல் 5 செ.மீ.க்கு ஒரு கோடு, தள்ளுகுழல் முனையில் எக்ஸ்ரேயில் தெரியும் வளையம் என்பவை சிறிய சேர்க்கைகள். தள்ளும் கைக்கு எங்கே நிறுத்துவது என்று சொல்பவை அவையே.

நோயாளியின் கணக்கு 80 சதவீதம். 2003-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இந்த ஸ்டென்ட் வைத்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்றாட வேலையைப் பாதிக்கும் வலியைச் சொன்னார்கள். 78 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொல்லை. 58 சதவீதம் பேருக்கு உழைக்கும் திறன் குறைந்தது. கூலிக்குப் போகும் ஒருவருக்கு 58 சதவீதம் என்ற எண் மருத்துவப் புள்ளிவிவரம் மட்டுமல்ல. வீட்டு வரவைத் தொடும் எண்.

நாள் கடந்தால் எண் மாறும். 1991-ல் வெளியான ஆய்வில், 6 வாரங்களுக்குள் எடுத்த டிஜே ஸ்டென்ட்டுகளில் 9.2 சதவீதத்தில் உப்புப் படிவு இருந்தது. 6 முதல் 12 வாரங்களில் 47.5 சதவீதம்; 12 வாரங்களுக்குப் பின் 76.3 சதவீதம். முதல் எண்ணின் 8.3 மடங்கு. படிவு ஏறிய ஸ்டென்ட்டை எடுப்பது, வைத்ததைவிடக் கடினமான சிகிச்சை. கீழ்முனையில் நூல் கட்டிய ஸ்டென்ட்டை உள்நோக்கிக் கருவி இல்லாமல் எடுக்கலாம்; ஆனால் அந்த நூல் எதிலாவது மாட்டி, ஸ்டென்ட் முன்கூட்டியே வெளியே வந்துவிடும் வாய்ப்பும் உண்டு. ஒரு பக்கம் குறைக்கும் ஆபத்து மறுபக்கம் எவ்வளவு கூடுகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் வடிவமைப்பு முடிவாகும்.

பிழைக் கணக்கு

எண்ணிப் பார்க்கும் வேலை இந்தியாவில் 2015 ஜூலை 6 அன்று தொடங்கியது. காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் அன்று பிறந்தது. 2019 அக்டோபர் வரையிலான 52 மாதங்களில் நாடு முழுவதிலிருந்தும் வந்த அறிக்கைகள் 1,931. மாதத்துக்கு 37. அவற்றில் கடுமையானவை 1,277, அதாவது 66 சதவீதம். இதய ஸ்டென்ட் தொடர்பானவை 926. எல்லாக் கருவிகளும் சேர்ந்த மொத்தத்தில் 48 சதவீதம்.

இதே வேலைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு இப்போது ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வருகின்றன, மாதத்துக்கு 1.66 லட்சத்துக்கும் மேல். காலம் வேறு, சந்தையின் அளவு வேறு, சட்டக் கட்டாயமும் வேறு. ஆகவே இரு எண்களையும் நேராக வகுத்துப் பார்ப்பது சரியாகாது. அமெரிக்கக் கருவிகள் மோசமானவை என்றோ நம்முடையவை மேலானவை என்றோ இதற்குப் பொருள் இல்லை. நம் பிழைகளில் பெரும்பகுதி காகிதத்துக்கு வரவில்லை என்று மட்டும் ஊகிக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஸ்டென்ட்டும் கதீட்டரும் 2005 அக்டோபர் 7 அன்றே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. விலை ஆணையும் ஓர் உதவி செய்திருக்கிறது: ஸ்டென்ட்டின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவை மருத்துவமனை ரசீதில் தனியே இருக்க வேண்டும். எந்தக் கருவி எந்த உடலுக்குள் போனது என்ற வரி இன்று ரசீதில் இருக்கிறது. வைக்கும்போது என்ன ஆயிற்று என்ற வரி அதன் பக்கத்தில் இல்லை.

அந்த வரி ஏன் வேண்டும் என்பதற்கு 3,000 என்ற எண்ணுக்குத் திரும்பலாம். ஒரு கதீட்டரில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் குறை இருப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,000 முறை அதைப் பயன்படுத்தும் பெரிய மருத்துவமனை, அந்தக் குறையை ஓர் ஆண்டில் ஒரு முறையாவது சந்திக்கும் வாய்ப்பு 63 சதவீதம். 95 சதவீதமாக வேண்டுமென்றால் 3,000 முறை, அதாவது 3 ஆண்டுகள். ஓர் ஆண்டில் சந்தித்தாலும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அது கருவியின் குறையா, கையின் பிழையா, தமனியின் வளைவா என்று ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது. அனுபவம் மிகுந்த மருத்துவரும் தனியாக இந்தக் குறையைக் கண்டுபிடிக்க இயலாது. இது திறமைக் குறைவு அல்ல, எண்ணிக்கைக் குறைவு.

அதே அளவுள்ள 10 மருத்துவமனைகள் ஒரே படிவத்தில் எழுதினால் ஆண்டுக்கு 10,000 முறை. 3,000 என்ற எண்ணை அவை 110 நாட்களில் தொட்டுவிடும். 3 ஆண்டுகள் 110 நாட்களாகச் சுருங்குவதற்குப் புதிய உலோகமோ புதிய பாலிமரோ தேவையில்லை. ரசீதில் ஏற்கெனவே இருக்கும் தொகுதி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி போதும். அந்த வரி பாஷாணிலும் சிவாஜிநகரிலும் 100 மைக்ரான் சுவரோடு மல்லாடும் வடிவமைப்பாளர்களின் மேசைக்கு வந்தால், குறையுள்ள கதீட்டர் எஞ்சிய 985 நாட்களில் உடல்களுக்குள் போகாது.